நையாண்டி எங்கே முடிகிறது, தூண்டுதல் எங்கே தொடங்குகிறது: டெல்டாவில் புதிதாக மேடைக்கு எழுதுகிறவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் அரசியல் நையாண்டிக்கு மேடைப் பஞ்சம் வந்ததே இல்லை. கோயில் திருவிழாப் பட்டிமன்றம், கட்சிகளின் தெருமுனைக் கூட்டம், கலை இரவு, கல்லூரி ஆண்டு விழா, இப்போது கைப்பேசியில் எடுத்து ஏற்றும் ஒரு நிமிடக் காணொளி என்று எழுதிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதுவரைக்கும் போகலாம்?" பெரியவர்கள் சொல்லும் பதில், "பார்த்துச் செய் தம்பி." இந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. பயந்த சுபாவம் உள்ளவன் ஒன்றுமே எழுதாமல் போகிறான். பயமில்லாதவன் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதிவிடுகிறான்.

எல்லை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வார்த்தையின் காரத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அமைச்சரைப் பெயர் சொல்லித் திட்டியதாலேயே அதைத் தாண்டிவிட்டதாகவும் ஆகாது. கேட்டவன் சிரித்து முடித்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகும்போது அவனிடம் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். ஒருவரை அடிக்கிற, எரிக்கிற, ஊரைவிட்டு விரட்டுகிற வேலை. கொடுத்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியை நடைமுறையில் எப்படிக் கேட்பது என்பதற்காகத்தான்.

முதல் படி: ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்

நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். டெல்டாவில் கைதட்டலுக்கு இதைவிட உத்தரவாதமான பொருள் கிடையாது. நெல்லைக் கொட்டிவிட்டு நாள் கணக்கில் காவல் கிடக்கும் விவசாயி, பட்டியல் எழுத்தர், ஈரப்பதம் பார்க்கும் கருவி, 40 கிலோ மூட்டை, மூட்டைக்கு இவ்வளவு என்று காதோடு காதாகக் கேட்கப்படும் காசு. பாத்திரங்கள் தயாராகவே நிற்கின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கக் கூடாது என்பது விதி. மழை பெய்து கெடுத்த பருவங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்துவதும் உண்டு.

முதல் வடிவம். எழுத்தர் கருவியில் நெல்லைப் போட்டுப் பார்க்கிறார். "இருபத்திரண்டு. எடுக்க முடியாது." விவசாயி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கருவியின் அடியில் செருகுகிறார். எழுத்தர் மறுபடி பார்க்கிறார். "பதினாறு! அடேயப்பா, என்ன வெயில், என்ன வெயில்!" பின்னணியில் மழை கொட்டும் சத்தம்.

இரண்டாம் வடிவம். அதே காட்சி, விவசாயி கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்: "இந்த மனுஷனைக் களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, பதினைந்து நாள் மழையில் வைத்திருந்து, அப்புறம் ஈரப்பதம் பார்க்க வேண்டும்." கோபம் ஏறிவிட்டது, ஆளின் உடலும் உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் மனிதனைக் களத்தில் கொட்டி வைக்க யாரும் கிளம்பப் போவதில்லை. நெல் பட்ட பாட்டை அவரும் பட்டுப் பார்க்கட்டும் என்கிற ஆற்றாமைதான் அங்கே பேசுகிறது. கூட்டத்துக்கும் அது தெரியும்.

மூன்றாம் வடிவம். பாத்திரத்துக்குப் பக்கத்து ஊர் நிலையத்தில் வேலை பார்க்கும் எழுத்தரின் உண்மைப் பெயர் வைக்கப்படுகிறது. அவர் இரவு எத்தனை மணிக்கு எந்த வாய்க்கால் கரையோரம் வண்டியில் வீடு திரும்புவார் என்பதும் வசனத்தில் வருகிறது. "அரிவாள் தீட்டி வைத்திருக்கிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள், அங்கே ஒரு கதிர் அறுக்காமல் நிற்கிறது" என்று காட்சி முடிகிறது. (அறுவடை முழுக்க இயந்திரத்துக்குப் போய்விட்ட காலத்தில் அரிவாளைத் தீட்டி வைத்திருப்பவன் எதற்காகத் தீட்டினான் என்பது தனிக் கதை.) இதற்கும் கூட்டம் சிரிக்கும். ஒருவேளை மூன்றில் இதற்குத்தான் அதிகம் சிரிக்கும். ஆள், இடம், நேரம், ஆயுதம், செய்ய வேண்டியவர் என ஐந்தும் இதில் கச்சிதமாக இருக்கின்றன. சிரிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு வேலைப் பட்டியல்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் வடிவத்தில் ஊழல் எப்படி நடக்கிறது என்பது தெரிகிறது. அந்தத் தாள் அங்கிருந்து மேலே யார் யார் மேசைக்குப் போகும் என்ற கேள்வியும் தானாக எழுகிறது. மூன்றாம் வடிவத்தில் ஊழலே காணாமல் போய், அடிக்கத் தோதாக ஒரு கடைநிலை ஊழியர் மட்டும் நிற்கிறார். எழுத்தாகப் பார்த்தாலும் அது சோம்பேறி எழுத்து.

ஆகவே உங்கள் வரைவின் ஓரத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: யார் மீது, யார் செய்ய, என்ன செய்ய, எங்கே, எப்போது. எந்தெந்தக் கட்டம் நிரம்புகிறது என்று பாருங்கள். முதல் கட்டம் மட்டும் நிரம்பினால் அது கேலி. "யார் செய்ய" என்ற இரண்டாம் கட்டத்தில் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் வந்துவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டிய இடம் அது.

இரண்டாம் படி: திட்டுவது வேறு, தூண்டுவது வேறு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழப்புகிறவர்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் அல்ல, அதிகாரத்தில் இருப்பவர்கள். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் ஜேப்படித் திருடன் போல் இருப்பவர் எம்.எல்.ஏ., கொள்ளைக்காரன் போல் இருப்பவர் மந்திரி என்பதுதான் அதன் சாரம். சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் விடுவிக்கப்பட்டார். 2015இல் திருச்சியில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். தேசத் துரோகப் பிரிவும் சேர்க்கப்பட்டது. இரண்டிலும் முதலமைச்சரோ மந்திரியோ வாங்கிக் கட்டிக்கொண்டார்களே தவிர, எவரையும் போய் அடி என்ற பேச்சு எங்கேயும் இல்லை.

வசை, ஆபாசம், அவதூறு, தூண்டுதல் ஆகிய நான்கும் நான்கு விதம். வசை ரசக்குறைவாக இருக்கலாம். அவதூறுக்கு வழக்கு வரலாம். அவை உங்கள் பாடு. இங்கே பேசிக்கொண்டிருப்பது நான்காவதைப் பற்றி மட்டும்.

மூன்றாம் படி: நம் பேச்சிலேயே இருக்கும் அரிவாளை என்ன செய்வது

இதுதான் கடினமான படி. நம் அன்றாடப் பேச்சில் வெட்டும் குத்தும் இல்லாத வாக்கியம் குறைவு. பாட்டி பேரனைத் தோலை உரித்துவிடுவேன் என்கிறாள். வரப்புத் தகராறில் வகுந்துவிடுவேன் என்கிறார்கள். தூர் வாராத வாய்க்காலைப் பார்த்த கடைமடை விவசாயி, இந்த இன்ஜினியரை இதே சேற்றில் முக்கி எடுக்க வேண்டும் என்கிறார். இதையெல்லாம் மேடையிலிருந்து துரத்திவிட்டால் மேடையில் மனிதர் யாரும் மிஞ்ச மாட்டார்கள். மழை பொய்த்தால் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரி வைப்பது நம் பக்கத்துச் சடங்கு. அதைத்தான் கட்சிக்காரர்கள் தலைவர்களின் உருவ பொம்மையாக்கிக் கொளுத்துகிறார்கள். வைக்கோல் வைக்கோல்தான் என்று எரிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் தெரிந்திருக்கும் வரை அது நாடகம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கு உண்டு. 1966இல் வாஷிங்டனில் ஒரு போர் எதிர்ப்புக் கூட்டத்தில் 18 வயது இளைஞர் வாட்ஸ், தன்னைப் படையில் சேர்த்துத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் குறியில் முதலில் பார்க்க விரும்புவது ஜனாதிபதி ஜான்சனைத்தான் என்றார். கூட்டம் சிரித்தது. ஜனாதிபதியைக் கொல்வதாக மிரட்டினார் என்று தண்டிக்கப்பட்டார். 1969இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது: இது அரசியல் மிகைப்பேச்சு, மிரட்டல் அல்ல. அவர் பேச்சு நடக்காத ஒரு நிபந்தனையில் தொங்கியது என்பதையும், கேட்டவர்கள் சிரித்தார்கள் என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு பிராண்டன்பர்க் வழக்கில், உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நிகழக்கூடிய வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்று அந்த நீதிமன்றம் வரையறுத்தது. அது அந்த நாட்டுச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாட்ஸ் வழக்கின் இரண்டு கேள்விகள் எழுத்தாளனுக்கு நன்றாகவே உதவும்: நடக்க முடியாததா? கேட்டவர்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்களா?

"நடக்க முடியாதது" என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதை மறக்க வேண்டாம். பிரிட்டனில் 2019இல் அரசியல்வாதிகள் மீது மில்க் ஷேக் வீசும் போராட்டம் நடந்தபோது, நகைச்சுவையாளர் ஜோ பிராண்ட் வானொலியில், மில்க் ஷேக் எதற்கு, பேட்டரி ஆசிட் கிடைக்குமே என்று சொன்னார். உடனேயே அது வெறும் கற்பனை, தான் செய்யப் போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். போலீஸ் விசாரித்துக் கைவிட்டது. வன்முறையைத் தூண்டக்கூடியது அல்ல, ஆனால் அந்த நிகழ்ச்சிக்கான அளவைத் தாண்டிவிட்டது என்று பி.பி.சி.யின் புகார்ப் பிரிவு முடிவு செய்தது. அந்த முடிவில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அதே வசனத்தைக் காரைக்கால் மேடையில் சொல்ல நான் விடமாட்டேன். 2012இல் காரைக்காலில் ஓர் இளம்பெண் மீது ஆசிட் வீசப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். அந்த ஊரில் ஆசிட் என்பது கற்பனைப் பொருள் அல்ல, கடையில் கிடைத்து ஒருவர் முகத்தில் விழுந்த பொருள்.

கீழ்வெண்மணியும் நம் டெல்டாவில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில், கூலி கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கொளுத்திவிடுவோம் என்ற வசனம் வேறெங்காவது மிகைப்பேச்சாக இருக்கலாம். இங்கே, ஒரு தெருவைப் பார்த்து, எந்தப் பாத்திரம் எந்தத் தொனியில் சொன்னாலும் அது பழைய மிரட்டலின் மறுபதிப்பு. அதனால் எனக்கு ஒரு நடைமுறை விதி உண்டு: இந்த வட்டாரத்தில் உண்மையிலேயே நடந்த வன்முறையின் கருவியை நகைச்சுவையில் எடுக்காதீர்கள். அரிவாள், மண்ணெண்ணெய், ஆசிட், நாட்டு வெடிகுண்டு எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். நடக்கவே முடியாததை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். சட்டமன்ற உறுப்பினரை மேட்டூரில் மதகுக்குப் பின்னால் கட்டிவைத்து ஜூன் 12ஆம் தேதி தண்ணீரோடு சேர்த்துக் கல்லணைக்குத் திறந்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. கொள்ளிடத்து முதலைக்குப் போடலாம் என்று ஒருவர் எழுதி வந்தார். அணைக்கரைப் பக்கம் நிஜமாகவே முதலை இருப்பதால் அதையும் கொஞ்சம் யோசிக்கச் சொன்னேன்.

வன்முறைப் படிமம் வேண்டும் என்று கை அரித்தால் அதை உங்கள் பக்கமே திருப்பலாம். 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த நம் விவசாயிகள் மண்டையோடுகளை வைத்துக்கொண்டார்கள், எலியை வாயில் கவ்வினார்கள், பாதித் தலையை மழித்துக்கொண்டார்கள், தங்களில் ஒருவரையே பாடையில் படுக்க வைத்தார்கள். பயங்கரமான காட்சி, கறுப்பு நகைச்சுவையும்கூட. இருந்தாலும் அதில் உடல் என்று வருவது அவர்கள் உடல்தான். பார்த்தவருக்கு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. கூச்சம் மட்டும் கொடுக்கப்பட்டது.

நான்காம் படி: கட்டளை இல்லாமலே தூண்டும் சிரிப்பைக் கண்டுபிடியுங்கள்

இதுவரை சொன்ன ஐந்து கட்டங்களும் நிரம்பாமலேயே ஒரு நகைச்சுவை ஆபத்தாக முடியும். ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி அதற்குச் சாட்சி. நல்ல இசை, கலகலப்பான தொகுப்பாளர்கள், கேலி கிண்டல். இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்தக் கிண்டலில் துட்சி மக்களுக்கு வைக்கப்பட்ட பெயர் கரப்பான்பூச்சி. 1994இல் படுகொலை தொடங்கியபோது அதே வானொலி ஆட்களின் பெயரையும் இருக்குமிடத்தையும் வாசித்தது. அதை நடத்தியவர்களை 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. கடைசியில் வந்த கட்டளை சில சொற்கள்தான். அந்தச் சொற்கள் வேலை செய்வதற்கு ஏற்றபடி மனங்களைப் பதப்படுத்தியது அதற்கு முன் வந்த சிரிப்பு.

ஆகவே கேலிக்கு உள்ளாகிறவர் செய்த காரியத்தைக் கேலி செய்கிறீர்களா, அவர் பிறந்த பிறப்பையா என்று பிரித்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் நூறு நாள் வேலைக் கணக்கில் இறந்தவர்களுக்குக் கூலி போட்டதைச் சொல்லிச் சிரியுங்கள், சமாதியிலிருந்து மண்வெட்டியோடு எழுந்து வரும் காட்சியும் வையுங்கள். அவர் இன்ன தெருக்காரர் என்பதிலிருந்து சிரிப்பு வருகிறதென்றால் வெட்டிவிடுங்கள். ஒரு சாதியையோ மதத்தையோ எலி, ஈசல், கொசு என்று அழைக்கும் வரிக்கு என் மேசையில் இரண்டாவது வாசிப்பு கிடையாது. பூச்சியைக் கண்டால் மருந்தடிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டவரைப் பொது இடத்தில் சாதியால் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாக வரும். "நகைச்சுவைக்குச் சொன்னேன்" என்று தப்ப அங்கே பெரிய இடமில்லை, இருக்கவும் கூடாது.

ஐந்தாம் படி: நாளையும் இடத்தையும் பாருங்கள்

ஒரு கொலை நடந்து மூன்றாம் நாள், தேர்தலுக்கு முந்தின இரவு, சாமி ஊர்வலம் இன்ன தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்று பேச்சுவார்த்தை நடக்கும் வாரம். இந்த நாட்களில் வழக்கமான வரிகூட வேறு வரியாகிவிடும். 2024 ஜூலையில் டொனால்டு டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், சிட்னியில் ஒரு நகைச்சுவை ராக் இரட்டையரில் ஒருவர், அடுத்த முறை குறி தவறக் கூடாது என்று மேடையில் சொன்னார். இசைப் பயணமே ரத்தானது. குண்டின் சூடு ஆறுவதற்குள் சொன்னதால் மிகைப்பேச்சு என்ற பாதுகாப்பு அந்த வரிக்குக் கிடைக்கவில்லை.

நம் உச்ச நீதிமன்றமும் சூழலைத்தான் பார்க்கிறது. 1989இல், இட ஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்த் திரைப்படத்தின் மீதான வழக்கில், பேச்சைத் தடுக்க வேண்டுமானால் அதற்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறியைப் போல நெருக்கமாக இருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பவர்கள் கலவரம் செய்வார்கள் என்ற மிரட்டலுக்கு அரசு பணிவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றும் சேர்த்துச் சொன்னது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், ஒரு கருத்தை விவாதிப்பதும் அதற்காக வாதாடுவதும் உரிமை, அது தூண்டுதலாகும் கட்டத்தில்தான் சட்டம் கை வைக்கலாம் என்றது.

இதிலிருந்து புதியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று: அடித்தவன் சிரித்தவனா, சிரிக்காதவனா? உங்கள் வரியைக் கேட்டுச் சிரித்தவன் போய் ஒருவரை அடித்தால், உங்கள் பங்கு என்ன என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கேலியால் கோபம் கொண்டவன் வந்து உங்களை அடித்தால் அது அவன் குற்றம். 2025 மார்ச்சில் மேடை நகைச்சுவையாளர் குணால் காம்ரா, மகாராஷ்டிரத் துணை முதல்வரைக் கிண்டல் செய்ததற்காக மும்பையில் அந்த நிகழ்ச்சி பதிவான அரங்கத்தை ஆட்கள் புகுந்து நொறுக்கினார்கள். அதைக் காட்டி "பார், இவன் வன்முறையைத் தூண்டிவிட்டான்" என்று பேசியவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள்.

காவிரிச் சண்டையில் இந்தக் கணக்கை நாமே பார்த்தோம். 2016 செப்டம்பரில், கன்னட நடிகர்களைக் கேலி செய்து பதிவிட்டதற்காக ஒரு தமிழ் இளைஞரைப் பெங்களூரில் ஒரு கும்பல் அடித்து, மன்னிப்புக் கேட்கவைத்து, அதைக் காணொளியாகவும் எடுத்தது. அந்தக் கேலியில் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை, அடித்தவர்கள் சிரிக்காதவர்கள். பிறகு காணொளி இங்கே பரவ, தமிழ்நாட்டில் கர்நாடக வண்டிகளும் சென்னையில் ஓர் ஓட்டலும் தாக்கப்பட்டன. அந்தக் காட்சிகள் அங்கே பரவ, பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் வரிசையாகக் கொளுத்தப்பட்டன. முதல் கேலியைவிட, அடிபடும் காட்சிக்குச் சிரிப்பு இசையும் "இன்னும் நாலு போடு" என்ற வரியும் ஒட்டி இரு பக்கமும் அனுப்பிக்கொண்டிருந்தவர்களைத்தான் நான் தூண்டியவர்கள் என்பேன். தண்ணீர் பற்றி எழுதுகிறீர்களா, தாராளமாக எழுதுங்கள். 2018 தீர்ப்பில் நமக்குச் சொன்ன 177.25 டி.எம்.சி.யை ஒரு குடத்தில் அளந்து பார்க்கும் காட்சி வையுங்கள். சாலையில் நிற்கும் லாரி ஓட்டுநரை மட்டும் காட்சிக்குள் கொண்டுவராதீர்கள்.

ஆறாம் படி: இருபது வினாடியாக வெட்டிப் பாருங்கள்

மேடையில் பாத்திரம் பேசுவது பாத்திரத்தின் பேச்சு. ஒரு ரவுடி அரசியல்வாதியை நீங்கள் நக்கல் செய்வதற்காக அவன் வாயில் "நாளைக்கே வெட்டிடலாம் தலைவரே" என்று வைத்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் போகப் போவது அந்த வரி மட்டும்தான். அவன் கடைசியில் கால் இடறிச் சாக்கடையில் விழுவது போகாது. எந்த இருபது வினாடியை வெட்டினாலும் அதற்குள்ளேயே அவன் கோமாளி என்பது தெரிய வேண்டும். மிரட்டலையும் அதன் கவிழ்ப்பையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது நல்ல வழி: "நாளைக்கே வெட்டிடலாம் தலைவரே, ஆனால் நாளைக்கு எனக்கு இன்னொரு கட்சியில் சேர்கிற விழா இருக்கிறது." வெட்டுகிறவன் எங்கே வெட்டுவான்?

ஏழாம் படி: கூட்டம் கத்தினால்

எழுத்தில் எல்லாம் சரியாக இருந்து மேடையில் தவறிப்போவதுண்டு. பின் வரிசையிலிருந்து "அவனை இழுத்துட்டு வா" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு அடுத்த மூன்று வினாடியில் நீங்கள் செய்வதுதான் கணக்கு. கைதட்டல் ஆசையில் "கேட்டீர்களா மக்கள் குரலை!" என்றால் அந்தக் குரல் உங்கள் குரலாகிவிடும். மெலட்டூர் பாகவத மேளாவில் முதலில் வந்து ஆடுபவன் கோணங்கி, தெருக்கூத்தில் கட்டியங்காரன். சிரிக்க வைப்பதோடு கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதும் அவர்கள் வேலை. நீங்களும் அதைச் செய்யுங்கள். குரலைக் கொடுத்தவரையே மென்மையாகக் காட்சிக்குள் இழுங்கள்: "அண்ணே, இழுத்துட்டு வர்றதுக்கு அவர் என்ன கோயில் தேரா? வடம் பிடிக்க ஆள் வேண்டும், செலவுக்கு வசூல் வேண்டும், கமிட்டி வேண்டும், கமிட்டியில் இரண்டு கோஷ்டி வேண்டும்." சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இப்படி நாலைந்து பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்றுகொண்டு யோசித்தால் வராது. அதற்கும் கூட்டம் அடங்கவில்லை என்றால் காட்சியை அங்கேயே முடித்துவிட்டுப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். ஒரு காட்சி பாதியில் நின்றதால் எந்த ஊரும் மூழ்கவில்லை.

எட்டாம் படி: காகித வேலை

ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதெல்லாம் விழாக் கமிட்டிக்கே தெரியும். நாடகப் பிரதியை முன்கூட்டிக் கொடு என்று யாராவது பழைய சட்டத்தைக் காட்டினால், 1954ஆம் ஆண்டின் அந்த நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்று பேசப்பட்ட சட்டம் அது.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நடப்பில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதில் உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வரும் பிரிவுகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கலவரம் நடக்கட்டும் என்று வேண்டுமென்றே ஆத்திரமூட்டுவது 192. சாதி, மதம், மொழிப் பிரிவுகளிடையே பகை வளர்ப்பது 196. மிரட்டல் 351. பொது அமைதி கெடும்படியான பேச்சு 353. பொதுமக்களையோ பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டத்தையோ குற்றம் செய்யத் தூண்டுவது 57. இந்த 57க்கு ஏழு ஆண்டு வரை சிறை. திருவிழாக் கூட்டம் எப்போதும் பத்துப் பேருக்கு மேல்தான்.

வழக்கு வந்தால் வக்கீலிடம் போங்கள். நான் வக்கீல் இல்லை. போகும்போது கையில் மூன்று இருக்கட்டும். ஒன்று, தேதி போட்ட முழுப் பிரதி. இரண்டு, வெட்டாத முழுப் பதிவு, கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் கேட்கும்படியாக. மூன்று, 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் நகல். ஒரு கவிதைக்காகப் போடப்பட்ட முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்த தீர்ப்பு அது. சொற்களின் விளைவை உறுதியான, துணிவுள்ள மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் அளவுகோலால் அல்ல என்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்கு உட்பட்டும் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில், வழக்குப் பதியும் முன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்று போலீஸுக்கும் சொல்கிறது.

கேலி செய்யப்பட்டவரின் ஆட்களிடமிருந்து தொலைபேசி அழைப்பு வருவது வேறு விஷயம், அது எப்படியும் வரும். பதிவு செய்யுங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள். வீட்டு முகவரி கேட்டால் சொல்லாதீர்கள். அழைப்பு வந்த அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அழைப்பையே அடுத்த காட்சியாக எழுதும் ஆசை வரும். ஒரு வாரம் பொறுத்து எழுதுங்கள், பெயரை மாற்றிவிட்டு.